திரும்பி வந்த இரண்டாவது வயர்: கரட்டுவழி வண்டிகளின் துணை விளக்குகளும் எர்த் இணைப்பின் வரலாறும்

மோட்டார் வண்டியின் விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வயர் மட்டும் சென்று, பல்பைக் கடந்த மின்னோட்டம் வண்டியின் உலோக உடல் வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகின்ற ஏற்பாடு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாகி உலகெங்கும் நிலைபெற்றது. இந்தத் திரும்பு வழியைப் பொறியியல் நூல்கள் புவி இணைப்பு என்றும், பட்டறைக்காரர்கள் எர்த் அல்லது பாடி எர்த் என்றும் குறிப்பிடுகின்றனர். தார்ச்சாலையில் ஓடும் இரும்பு உடல் கொண்ட காருக்கு இந்த ஏற்பாடு பெருமளவு நன்மையே செய்தது. ஆனால் சேற்றிலும் ஆற்றிலும் மணற்காட்டிலும் ஓடுவதற்கென்று உருவான வண்டிகள் வந்தபோது, அவற்றின் உடல் இரும்பாக மட்டும் இல்லாமல் அலுமினியமாகவும் கண்ணாடி நாரிழையாகவும் மாறியபோது, அவற்றின் முன்பக்கத்திலும் கூரையிலும் உரிமையாளர்கள் கூடுதல் விளக்குகளைத் தாங்களே பொருத்தத் தொடங்கியபோது, அந்தச் சிக்கனத்தின் விலை என்ன என்பது வெளிப்பட்டது. துணை விளக்குகளின் எர்த் இணைப்பு வரலாறு, சுருங்கச் சொன்னால், ஒரு காலத்தில் தேவையற்றதென்று நீக்கப்பட்ட இரண்டாவது வயர் படிப்படியாகத் திரும்பி வந்த வரலாறாகும்.

ஒற்றை வயரின் தொடக்கம் மோட்டார் வண்டியில் இல்லை, தந்தியில் இருக்கிறது. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரையும் ஃபியூர்த் நகரையும் இணைத்த இருப்புப்பாதையில் 1838ஆம் ஆண்டு ஆய்வு செய்துகொண்டிருந்த கார்ல் ஆகஸ்ட் ஃபான் ஸ்டைன்ஹைல், தண்டவாளங்கள் இரண்டையும் தந்தியின் இரு கம்பிகளாகப் பயன்படுத்த முயன்றார். தண்டவாளங்களிலிருந்து மின்னோட்டம் மண்ணுக்குள் கசிந்ததால் அந்த முயற்சி தோற்றது. எனினும் அந்தக் கசிவே மண் மின்னோட்டத்தை ஏந்திச் செல்லக்கூடியது என்பதை அவருக்கு உணர்த்தியது. இரு முனைகளிலும் உலோகத் தகடுகளைப் புதைத்துவிட்டால் திரும்பு கம்பியே தேவையில்லை என்ற அவருடைய முடிவு, தந்தித் துறையில் கம்பிச் செலவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. பின்னாளில் மோட்டார் வண்டியின் இரும்புச் சட்டத்திற்குத் திரும்பு வழியின் வேலை தரப்பட்டபோது, ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்கும் வண்டிக்கு மண்ணோடு மின்தொடர்பே இல்லாத நிலையிலும், தந்திக்காரர்களின் சொல்லே அதற்கும் நிலைத்தது.

வண்டிகளின் முதல் விளக்குகளுக்கு வயரே தேவைப்படவில்லை. எண்ணெய் விளக்குகளுக்குப் பின் வந்த அசிட்டிலீன் விளக்குகளில், கால்சியம் கார்பைடுக் கட்டிகளின் மேல் நீர் சொட்டி, அதனால் எழுந்த வாயு குழாய் வழியாகச் சென்று எரிந்தது. மின்விளக்கு பெருவழக்கானதற்கு, சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டரும் விளக்கமைப்பும் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் வழக்கமான பாகமாக வந்ததும், மறு ஆண்டே ஜெர்மனியின் போஷ் நிறுவனம் டைனமோ, ரெகுலேட்டர், முகப்பு விளக்கு ஆகியவற்றை ஒரே தொகுதியாக விற்கத் தொடங்கியதும் முக்கியக் காரணங்களாயின. அக்கால வண்டிகளின் உடற்பகுதி பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்தியதாக இருந்ததால், தொடக்ககால அமைப்புகள் சிலவற்றில் ஒவ்வொரு விளக்குக்கும் போகவும் வரவும் இரண்டு வயர்கள் ஓடின. எட்வர்ட் பட் செய்துகொடுத்த முழு எஃகு உடல்கள் 1914இல் டாட்ஜ் கார்களில் இடம்பெற்றதும், அம்முறை பிற தயாரிப்பாளர்களிடமும் பரவியதும், திரும்பு வயரை வேண்டாத செலவாக ஆக்கின. படகுகளில் மட்டும் இரட்டை வயர் முறை விடாமல் தொடர்ந்தது. நீரில் நிற்கும் உலோகத்தின் வழியே மின்னோட்டம் கசிந்தால் உலோகமே அரித்துப் போகும் என்பதைப் படகு கட்டுவோர் அனுபவத்தில் அறிந்திருந்தனர். கரட்டுவழி வண்டி, தார்ச்சாலைக் காரைக் காட்டிலும் படகையே பல வகையில் ஒத்திருக்கிறது என்பதை வண்டிக்காரர்கள் உணர அரை நூற்றாண்டு பிடித்தது.

பேட்டரியின் எந்த முனையை உடலோடு சேர்ப்பது என்ற கேள்விக்கும் நீண்ட காலம் ஒரே விடை இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப் 6 வோல்ட் அமைப்பையும் எதிர்முனை எர்த்தையும் கொண்டிருந்தது. அதே காலத்து ஃபோர்டு கார்களில் நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது. பிரிட்டனில் 1930களின் நடுப்பகுதியிலிருந்து நேர்முனை எர்த் பொதுவழக்கானது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, நேர்முனையை எர்த் செய்தால் வயர்களின் முனைகளில் அரிப்பு குறையும் என்பதாகும். தொலைபேசி நிலையங்கள் தங்கள் 48 வோல்ட் பேட்டரிகளின் நேர்முனையை எர்த் செய்து புதைவடங்களை அரிப்பிலிருந்து காத்து வந்த நடைமுறை இவ்வாதத்திற்கு வலுச் சேர்த்தது. மற்றொன்று, ஸ்பார்க் பிளக்கின் சூடான நடுமுனை எதிர்மின் அழுத்தத்தில் இருந்தால் பொறி எளிதில் பாயும் என்பதாகும். இந்த இரண்டாவது காரணம் அறிவியல்படி சரியானதே எனினும், பற்றவைப்புக் காயிலின் இணைப்பை மாற்றினாலே அந்தப் பயன் கிட்டும் என்பதால், வண்டி முழுவதன் முனையையும் அது தீர்மானித்திருக்க வேண்டியதில்லை. முடிவில் வழக்கை மாற்றியவை டிரான்சிஸ்டர் வானொலியும், சிலிக்கான் டையோடுகளைக் கொண்ட ஆல்டர்னேட்டரும் ஆகும். இவை முனை மாறினால் நொடியில் கெட்டுவிடுபவை என்பதால் உலகம் முழுவதற்கும் ஒரே முறை தேவைப்பட்டது. ஃபோர்டு 1956ஆம் ஆண்டு மாடல்களில் 12 வோல்ட் எதிர்முனை எர்த்துக்கு மாற, பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் 1960களின் பிற்பகுதியில் மாறினர்.

உலோகத் துண்டுகள் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருப்பதாலேயே அவை மின்வகையில் ஒன்றாகிவிடுவதில்லை என்பதை முதலில் விரிவாக எதிர்கொண்டது இராணுவமே. வானொலி பொருத்திய ஜீப்களில், எஞ்சினின் பொறிகள் எழுப்பிய இரைச்சல் செய்திகளை மூழ்கடித்ததால், பானெட், மட்கார்டு, எஞ்சின் ஆகியவற்றுக்கும் சட்டத்துக்கும் இடையில் பின்னிய செம்புப் பட்டைகள் இணைக்கப்பட்டன. அவ்வாறு இரைச்சல் அடக்கப்பட்ட வண்டிகளின் எண்ணுக்குப் பின்னால் எஸ் என்ற எழுத்து எழுதப்பட்டது. போருக்குப் பின் உபரி ஜீப்கள் உழவர்களிடமும் வேட்டைக்காரர்களிடமும் சென்றபோதும், மும்பையில் மஹிந்திரா நிறுவனம் 1947இல் ஜீப்களை உதிரிப்பாகங்களிலிருந்து பூட்டத் தொடங்கியபோதும், பரவலாகப் பயன்பட்ட வண்டி இந்த இரும்பு ஜீப்பே ஆகும். மட்கார்டில் பெயின்டைச் சுரண்டி விளக்கின் தாங்கியை இறுக்கினால் போதும் என்ற எளிய பழக்கம் இத்தகைய இரும்பு வண்டிகளில் நியாயமாகவே வேலை செய்தது.

அந்தப் பழக்கத்தை முறித்த வண்டி லேண்ட் ரோவர். வேல்ஸ் நாட்டின் ஆங்கில்ஸி தீவில் இருந்த தம் பண்ணையில் ஒரு பழைய ஜீப்பை ஓட்டிவந்த மாரிஸ் வில்க்ஸ், ரோவர் நிறுவனத்துக்காக உருவாக்கிய இவ்வண்டி, 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகு பங்கீட்டுப் பொருளாக இருந்ததால், அடிச்சட்டமாகிய சேசிஸும் ஓட்டுநருக்கு முன்னுள்ள தடுப்புச் சுவரும் மட்டும் எஃகில் அமைய, உடல் தகடுகள் பிர்மாபிரைட் என்னும் அலுமினிய–மக்னீசியக் கலவையில் அமைந்தன. துருவே பிடிக்காத உடல் என்று இது புகழ் பெற்றது. ஆயினும் எர்த்தைப் பொறுத்தவரை இதுவே புதிய சிக்கல்களின் தோற்றுவாயானது.

அலுமினியத்தின் புதிய பரப்பு காற்றைத் தொட்ட கணத்திலேயே ஆக்சைடு படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத அந்தப் படலம் மின்னோட்டத்தைக் கடத்தாது. பற்கள் வைத்த வாஷர் ஒன்றை அழுத்தி இறுக்கும்போது படலம் கிழிந்து உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. ஆனால் வண்டி குலுங்கி இறுக்கம் தளரும்போது படலம் மீண்டும் வளர்கிறது. இதனினும் கடுமையானது இரு உலோகங்கள் கூடும் இடத்தில் நிகழும் மின்வேதி அரிப்பு. அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று தொட்டு, இடையில் உப்பு கலந்த நீரும் புகுந்துவிட்டால், அந்த இணைப்பு சிறியதொரு மின்கலமாகவே இயங்குகிறது. அதில் கரைந்து அழிவது அலுமினியம். எஃகு போல்ட்டைச் சுற்றிப் பொருமி எழும் வெண்ணிறப் பொடி, பழைய லேண்ட் ரோவரைக் கழற்றிய எவருக்கும் பழக்கமானது. பெயின்டுக்குக் கீழே அது பரவிவிட்டால் அந்த போல்ட்டின் வழியே மின்னோட்டம் திரும்பும் என்று நம்புவதற்கு இடமே இல்லை. தொழிற்சாலை இதை அறிந்தே முகப்பு விளக்குகளுக்குக் கறுப்பு நிற எர்த் வயர்களைத் தனியே அமைத்தது. எனினும் அவற்றை இணைத்த, தோட்டா வடிவ வயர்முனைகள் செருகும் உறைகளுக்குள் சேற்றுநீர் புகுந்ததால், தொல்லை வேறோரிடத்துக்கு இடம்பெயர்ந்தது என்றே சொல்ல வேண்டும். முதல் வண்டிகளில் கம்பிவலைக்குப் பின்னால், ரேடியேட்டரின் அருகில் இருந்த முகப்பு விளக்குகள், பல நாடுகளின் விதிகளுக்கு இணங்க 1968–69இல் அலுமினிய மட்கார்டுகளுக்கு நகர்ந்தன. வண்டி எதிர்முனை எர்த்துக்கு மாறியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான்.

எர்த் அறுபட்ட வண்டி இருட்டில் நின்றுவிடுவதில்லை. விளங்காத வகையில் நடந்துகொள்கிறது. ஒரு விளக்கின் திரும்பு வழி அடைபட்டால், அந்த மின்னோட்டம் பக்கத்து விளக்கின் இழை வழியாகவோ வேறொரு சாதனம் வழியாகவோ உடலைச் சென்றடைய முயல்கிறது. இதனால் இண்டிகேட்டர் போட்டால் பக்க விளக்கு மங்கலாகத் துடிப்பதும், ஒரு விளக்கை அணைத்தபின் மற்றொன்று பிரகாசமாவதும் நிகழ்கின்றன. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால் அதற்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு பின்னல் பட்டை கட்டாயமாகிறது; அது அறுந்தால் ஸ்டார்ட்டரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் சோக் கேபிளின் மெல்லிய எஃகுக் கம்பி வழியே பாய்ந்து, அதைச் சுட்டுப் புகையவைக்கக்கூடும். பல்பையும் சுவிட்சையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்தபின் கடைசியில் எர்த்தைத் தேடும் பட்டறை வழக்கம் இன்றும் மாறவில்லை; முதலில் பார்க்க வேண்டியதைக் கடைசியில் பார்ப்பதால் வீணான உழைப்பு கொஞ்சமல்ல.

துணை விளக்குகளின் பெருக்கம் இத்தகைய வண்டிகளின் மேல் வந்து விழுந்தது. கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி பந்தயம் 1953இல் தொடங்கியதும், இரவுப் பயணத்துக்கான நெடுந்தூர விளக்குகளும் மூடுபனி விளக்குகளும் பந்தய வண்டிகளிலிருந்து பொதுமக்களின் வண்டிகளுக்குப் பரவியதும், ஐரோப்பாவில் 1962இல் எச்1 என்னும் ஆலசன் பல்பு அறிமுகமானதும் இந்தப் பெருக்கத்தின் படிகளாகும். டங்ஸ்டன் இழையைச் சுற்றிச் சிறிதளவு அயோடின் போன்ற ஆலசனை அடைத்த இந்த பல்பு, இழையை மேலும் சூடாக எரியவிட்டும் கண்ணாடி கறுக்காமல் காத்தது. 55 வாட் அதன் வழக்கமான திறன், பந்தயக்காரர்களோ 100 வாட் பல்புகளைப் பயன்படுத்தினர்.

இந்த எண்களின் பொருளைக் கணக்குப் போட்டே உணர முடியும். 100 வாட் விளக்குகள் நான்கை 12 வோல்ட்டில் எரித்தால் ஏறத்தாழ 33 ஆம்பியர் தேவைப்படும். இந்த மின்னோட்டம் முழுவதும் போன வழியே திரும்பியும் வர வேண்டும். அந்தத் திரும்பு வழியில், அரித்துப்போன ஒரு போல்ட் வெறும் 0.05 ஓம் மின்தடையை மட்டுமே தருவதாகக் கொண்டாலும், அங்கே சுமார் ஒன்றரை வோல்ட் தொலைந்துபோகிறது. இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. அது மின்னழுத்தத்தின் 3.4ஆம் அடுக்கை ஒட்டிக் குறைவதால், எட்டில் ஒரு பங்கு மின்னழுத்தம் போனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வெளிச்சம் போய்விடுகிறது. தொலைந்த ஆற்றலோ அந்த போல்ட்டில் 50 வாட்டை நெருங்கும் வெப்பமாக வெளிப்பட்டு, பெயின்டைக் கருக்கி, இணைப்பை மேலும் கெடுக்கிறது. விலை உயர்ந்த விளக்கை வாங்கியவர் அதன் வெளிச்சத்தில் கணிசமான பகுதியைக் காண முடியாமலே போனதற்கு விளக்கு காரணமில்லை. பழைய 6 வோல்ட் வண்டிகளில் இந்த இழப்பு இன்னும் கொடியதாக இருந்தது, ஏனெனில் அதே வாட் அளவுக்கு இருமடங்கு மின்னோட்டம் தேவைப்பட்டது. இழந்த ஒவ்வொரு வோல்ட்டும் ஆறில் ஒரு பங்காகவும் இருந்தது.

எனவே நல்ல பொருத்துநர்கள் இரண்டு மாற்றங்களைச் சேர்த்தே கொண்டுவந்தனர். முதலாவது ரிலே, அதாவது சிறிய மின்னோட்டம் ஒன்று காந்தச் சுருளை இயக்கி, பெரிய மின்னோட்டத்துக்கான தொடர்பை மூடவும் திறக்கவும் செய்கின்ற பெட்டி. ஜெர்மானியத் தர வரையறையான டின் 72552இன்படி அதன் முனைகள் எண்களால் குறிக்கப்பட்டன. பேட்டரியிலிருந்து நேரே வருவது 30, விளக்குக்குச் செல்வது 87, சுருளின் இரு முனைகள் 85, 86. அதே வரையறையில் எர்த்துக்கு 31 என்ற எண் கிடைத்தது; எர்த் என்பது ஏதோ ஓர் இரும்பைத் தொட்டுக்கொள்வது அன்று, பெயரும் எண்ணும் கொண்ட ஒரு முனை என்று அந்த எண் அறிவித்தது. இரண்டாவது மாற்றம், விளக்கின் தாங்கியை நம்பாமல், போகும் வயருக்கு இணையான தடிமனில் ஒரு எர்த் வயரை விளக்கிலிருந்து சேசிஸின் சுரண்டித் துலக்கிய எஃகுக்கோ பேட்டரிக்கோ கொண்டுசெல்வது. கூரைத் தட்டில் பொருத்திய விளக்குகளுக்கு இதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. மழைநீர்க் குழியைக் கவ்விப் பிடித்திருக்கும் பெயின்டு பூசிய தட்டு, அதன் கீழே அலுமினியக் கூரை, அதற்கும் கீழே ரப்பர் பட்டை என்று அடுக்கடுக்காக வரும் தடைகளைக் கடந்து மின்னோட்டம் நம்பகமாகச் சேசிஸை எட்டுவது நடக்காத காரியம்.

வயர்களின் நிறம் இந்தக் கட்டத்தில் பெரிய ஆபத்தாக விளைந்தது. பிர்மிங்காமின் லூகாஸ் நிறுவனம் பரப்பிய பிரிட்டிஷ் வழக்கில் கறுப்பு நிறம் எர்த்தையும், பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேரே வரும், பெரும்பாலும் பியூஸ் இல்லாத, எப்போதும் மின்னோட்டம் உள்ள வயரையும் குறித்தன. ஜெர்மானிய வழக்கிலோ பழுப்பு நிறமே எர்த். ஆகவே ஜெர்மானிய விளக்குத் தொகுதி ஒன்றை லேண்ட் ரோவரில் பொருத்தியவர், பழுப்பைப் பழுப்போடு சேர்ப்பதே முறை என்று எண்ணியிருந்தால், எர்த் வயரைப் பியூஸ் இல்லாத மின்வழியில் நேராக இணைத்திருப்பார். லூகாஸின் நிறவழக்கு தமிழகத்துக்கும் வந்து சேர்ந்தது; டி.வி.எஸ். குழுமத்தோடு அந்நிறுவனம் 1961இல் கூட்டுச் சேர்ந்து சென்னை பாடியில் லூகாஸ்–டி.வி.எஸ். நிறுவனத்தை அமைத்தது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் இதே வரலாறு வேறொரு பொருளின் வழியாக நடந்தது. படகு கட்டும் தொழிலறிவு கொண்ட புரூஸ் மேயர்ஸ் 1964இல் உருவாக்கிய மேயர்ஸ் மாங்ஸ் என்ற மணல்மேட்டு வண்டி, ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பாகங்களின் மேல் கண்ணாடி நாரிழை உடலைக் கொண்டிருந்தது. மெக்ஸிகோவின் பாகா கலிஃபோர்னியா தீபகற்பத்தில் 1967இல் நடந்த முதல் மெக்ஸிகன் 1000 பந்தயத்தில் விக் வில்சனும் டெட் மாங்கல்ஸும் இவ்வண்டியை ஓட்டி 27 மணி 38 நிமிடத்தில் வென்றனர். ஒரு முழு இரவையும் பாலைவனத்தில் கடக்காமல் அந்த ஓட்டம் முடிந்திருக்க முடியாது. நாரிழை மின்னோட்டத்தை அறவே கடத்தாததால், அதன் மேல் அமர்ந்த எந்த விளக்குக்கும் எர்த் வயர் என்பது தேர்வாக இல்லாமல் நிபந்தனையாகவே இருந்தது. அலுமினிய வண்டி பல ஆண்டுகள் அரித்துக் கற்றுத்தந்த பாடத்தை நாரிழை வண்டி முதல் நாளிலேயே சொல்லிவிட்டது. ஏமாற்றாத பொருள் என்ற வகையில், இக்கணக்கில் நாரிழையை அலுமினியத்தை விட நேர்மையானது என்றே மதிக்கலாம்.

எல்இடி விளக்குகள் பரவியபின் மின்னோட்டத்தின் அளவு வெகுவாகக் குறைந்தது; ஆனால் எர்த்தின் தேவை வேறு வடிவம் எடுத்தது. இழை பல்புக்கு மின்னோட்டம் எத்திசையில் பாய்ந்தாலும் ஒன்றுதான். எல்இடியோ ஒரு திசையில் மட்டுமே எரிவதால், நேர்முனை எர்த் கொண்ட பழைய லேண்ட் ரோவரில் அதன் வயர்களை மாற்றியே இணைக்க வேண்டும். எதிர்முனை உலோக உறையோடு இணைந்துள்ள சாதனமாக இருந்தால், உறை அந்த வண்டியின் உடலைத் தொட்ட மாத்திரத்தில் குறுக்குச்சுற்று உண்டாகும். எல்இடியின் மின்னோட்டத்தை வேகமாகத் துண்டித்துச் சீர்செய்யும் மின்சுற்றுகள் வானொலியில் இரைச்சலையும் எழுப்புகின்றன. ஜீப்பில் செம்புப் பட்டைகளால் அடக்கப்பட்ட தொல்லையின் புதிய வடிவம் அது.

பேட்டரியின் எதிர்முனைக்கே நேராக எர்த் வயரைக் கொண்டுசெல்வது சிறந்தது என்று அரை நூற்றாண்டாக வேரூன்றிய அறிவுரையும் இப்போது மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. அண்மைக்கால வண்டிகள் பலவற்றில் எதிர்முனையின் மேலேயே ஓர் உணர்வி அமர்ந்து, பேட்டரிக்குள் வரும், அதிலிருந்து போகும் மின்னோட்டம் முழுவதையும் அளந்து, சார்ஜ் எவ்வளவு மீதமிருக்கிறது என்பதை வண்டியின் கணினிக்குத் தெரிவிக்கிறது. துணை விளக்கின் எர்த் வயரை அந்த உணர்விக்கும் பேட்டரிக்கும் நடுவில், முனையிலேயே சேர்த்துவிட்டால், விளக்கு உண்ணும் மின்னோட்டம் கணக்கில் வராமல் போகிறது. கணினி பேட்டரியை நிறைவாக இருப்பதாகக் கருதி ஆல்டர்னேட்டரைத் தளர்த்துகிறது. இதனால் எர்த் வயர் மீண்டும் உடலுக்கே செல்ல வேண்டியதாகிறது. ஆனால் கண்ணில் பட்ட போல்ட்டுக்கு அன்று. லேண்ட் ரோவரின் பழைய டிஃபெண்டர் மாடலின் உற்பத்தி சோலிஹல் ஆலையில் 2016 ஜனவரி 29 அன்று நின்றபின், 2019இல் அறிமுகமான புதிய டிஃபெண்டருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. அதன் உடல் முழுவதும் அலுமினியத்தால் ஆன ஒற்றைக் கூடு. இத்தகைய வண்டியில் துணை விளக்கு பொருத்துபவர், தயாரிப்பாளர் எர்த்துக்கென்றே ஒதுக்கிய முளையைக் கையேட்டில் தேடிக் கண்டு, செம்பு அலுமினியத்தை நேராகத் தொடாதபடி வெள்ளீயம் பூசிய வயர்முனைக் காதை அதில் இறுக்கி, ஈரம் புகாமல் கொழுப்புப் பசையைப் பூசி மூடிய பின்பே சுவிட்சைப் போட வேண்டும்.